பற்றும் வரவும்

கடைக்கணக்கிலும் வங்கிக்கணக்கிலும் நாள்தோறும் வழங்கும் இரு சொற்கள் பற்று, வரவு என்பன. மிகுதியும் பயின்றமையால் அவற்றின் பொருளை நாம் உன்னுவதில்லை. ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பற்று என்பது பற்றுதல் என்னும் வினையின் முதனிலையே தொழிற்பெயராய் நின்றது. வரவு என்பது வருதல் எனப் பொருள்படும். ஒருவன் நம்மிடமிருந்து கொண்டது அவன் பெயரிற் பற்று. அவனிடமிருந்து நமக்கு வந்தது அவன் பெயரில் வரவு. பழங்கணக்குகளில் இவற்றிற்கு முறையே ௶, ௷ என்னும் குறிகள் வழங்கின. இக்குறிகள் 2003-இல் யூனிகோடு எழுத்து வரிசையிலும் இடம்பெற்றன.

நாம் வங்கியிற் செலுத்திய பணம் நம் புத்தகத்தில் வரவெனக் காணப்படுவது ஏன் எனச் சிலர் மயங்குவர். அக்கணக்கு வங்கியினுடையது; பணம் வந்தது வங்கிக்கு. நாம் திரும்பப் பெறுங்கால் அது நம் பற்றாகின்றது.

ஆங்கிலத்தில் வழங்கும் டெபிட், கிரெடிட் என்பன இலத்தீன் மொழிச் சொற்களின் வழிவந்தன. முன்னது கடன்படுதலையும் பின்னது நம்புதலையும் குறிக்கும். இரட்டைப் பதிவு முறையை லூக்கா பச்சியோலி என்பார் 1494-இல் வெனிசு நகரில் அச்சிட்ட நூலில் விளக்கினார். அச்சொற்கள் மனத்தின் நிலையைச் சுட்ட, நம் சொற்கள் பொருளின் போக்கைச் சுட்டுகின்றன.

நம் நீலகிரித் தோட்டங்களில் இச்சொல் வேறொரு சுமையையும் தாங்கிற்று. மேஸ்திரிகள் சமவெளியில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். அம்முன்பணம் தொழிலாளியின் பற்று. அவன் உழைத்த கூலி வரவு. முன்பணம் பெற்று வேலை செய்யாதவனைச் சிறையிலிட 1859-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. 1925-இல் இயற்றிய சட்டமே அதனை நீக்கிற்று. இலங்கைத் தோட்டங்களிற் கடன்தொகை எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டு, கடனைத் தீர்க்கும் வேறொரு துரையிடம் ஆட்களை ஒப்புவித்தது. அவ்வழக்கம் 1921-இல் ஒழிக்கப்பட்டது. பற்றினவன் தொழிலாளி என ஏடு கூறிற்று, பற்றப்பட்டவனும் அவனே.

குன்னூரை அடுத்த தோட்டமொன்றிற் கொழுந்து பறித்த என் பாட்டியார் எழுத்தறியாதவர். வேலைநாட்களை அடுப்பங்கரைச் சுவரிற் கரிக்கோடுகளாக இட்டுவருவார். ஒரு திங்கள் வரவில் இரு நாட்கள் குறைந்திருந்தன. கோடுகளைச் சொல்லி வாதித்தார். சுவர் சான்றாகாது என்று கணக்கர் நகைத்தார். அவ்வாண்டே என் தாயாரைப் பள்ளியிற் சேர்த்தார். தாயார் எழுதப் பழகியதும், பற்று, வரவு என இரு பத்தி கீறிய ஏடொன்று எங்கள் வீட்டில் உண்டாயிற்று. கணக்கர் ஏட்டோடு அதனை ஒப்பிட்ட பின்னரே பாட்டியார் கூலி பெற்றனர்.

அவ்வேடு இன்றும் என்னிடம் உளது. சொல்லின் பொருளறிதல் புலவர்க்கு மட்டும் உரியதன்று என்பதை நான் அதனிடத்தே கற்றேன்.