எல்லை தெரியாத நாட்கள்

சிறைப்பட்டவனை வருத்துவது காலத்தின் நீளமா, அன்றி அதன் எல்லை தெரியாமையா என்று வினவினால், பின்னதே என்று நாம் கூறுவோம். டில்லி மாநகரின் மேற்குப் பகுதியில் 1958 முதல் இயங்கிவரும் திஹார் சிறையை நோக்கினால் இது விளங்கும். அங்கே பொழுதை அறிவிப்பது கடிகாரமன்று. 'கிந்தி' எனப்படும் தலையெண்ணிக்கையே. காலையில் அறை திறக்குங்கால் எண்ணுவர். நண்பகலில் அடைக்குங்கால் எண்ணுவர். இருட்டுமுன் மீண்டும் எண்ணுவர். எண்ணப்படுகிறவனோ தன் நாட்களை எண்ணுகிறான்.

தண்டனை பெற்றவனுக்கு அக்கணக்கு ஒருவாறு எளிது. விடுதலை நாள் அவனுக்குத் தெரியும். ரொட்டிச் சாலையிலோ தறியிலோ தச்சுப் பட்டறையிலோ உழைக்கிறான், கூலி பெறுகிறான், நன்னடத்தையால் சில நாட்கள் கழிவதும் உண்டு. 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார் என்பதை நாமறிவோம். ஜேம்ஸ் ஆலனின் நூலை அவர் சிறையிலிருந்தவாறே தமிழாக்கினார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தார்.

நேருவின் நிலை வேறு. 1942 ஆகஸ்டில் அகமத்நகர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர்மீது விசாரணையுமில்லை, தண்டனைக் காலமுமில்லை. ஆகவே தவணையின்றி வளர்ந்து தேயும் நிலவை அவர் துணைகொண்டார். ஒவ்வொரு பிறையும் ஒரு மாதம் கழிந்ததைக் காட்டிற்று. கற்கள் மலிந்த மண்ணைக் கிளறித் தோட்டமிட்டார். 1944-இல் ஐந்தே மாதங்களில் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' எழுதி முடித்தார்.

இவர்களெல்லாம் எழுதுகோல் பிடித்தவர்கள். எழுத்தறியாக் கூலியாள் என் செய்வான்? 1994 ஏப்ரலில் திஹாரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் பத்து நாள் விபாசனா தியானத்தில் அமர்ந்தனர். சிலருக்கு அது பயன் தந்திருக்கலாம். ஆனால் மூச்சைக் கவனிப்பதால் வழக்கின் நாள் முன்னே வந்துவிடாது.

அவ்வழக்கின் நாள்தான் இங்கு முதன்மையானது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர் தீர்ப்பளிக்கப்படாத விசாரணைக் கைதிகள். நம்மூரில் 'வாய்தா' என்பதை இங்கே 'தாரீக்' என்பர். ஒரு தாரீக்கிலிருந்து அடுத்த தாரீக் வரை காத்திருப்பதே அவர்களுடைய நாட்காட்டி. வண்டியேறி நீதிமன்றம் சென்று, மற்றொரு தேதியோடு திரும்புவர். பீகாரில் இவ்வாறு கிடந்தோருள் சிலர், குற்றம் மெய்ப்பட்டிருந்தாலும் பெற்றிருக்கக்கூடிய தண்டனையைவிட நெடுங்காலம் சிறையிலிருந்தது 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் வெளிப்பட்டது.

பிற மாநிலத்தில் பிழைக்கச் சென்ற நமக்கு இதில் தனிக் கவலையொன்று உண்டு. ஜாமீன் கிடைத்தாலும், சொத்துள்ள உள்ளூர்ப் பிணையாளிக்கு எங்கே போவது? 1978-இல் மோத்தி ராம் என்னும் ஏழைக் கொத்தனாரின் வழக்கில், வேறு மாவட்டத்தில் சொத்துள்ள உடன்பிறந்தானின் பிணையை மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் அதனை விசாரித்த நீதிபதி கிருஷ்ணய்யர், தமிழனோ மலையாளியோ சாந்தினி சௌக்கில் கைதானால் அங்கே சொத்துள்ளவரைப் பிணைக்கு எங்ஙனம் தேடுவான் என்னும் பொருள்பட வினவினார். அப்படி மாவட்டம் பார்ப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றும் தெளிவுறுத்தினார்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவையும் அறிந்துகொள்வது நலம். முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், அக்குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்தபின் விடுவிப்புக்கு உரியவராவார், ஏனையோர்க்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளோர்க்கும் இது பொருந்தாது. அக்காலம் நிறைவுற்றதும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. எனினும், உள்ளேயிருப்பவரின் உறவினர் கைதான தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்நாள் வந்தவுடன் இலவசச் சட்ட உதவி மையத்தை அணுகித் தாமே நினைவூட்டலாம்.