வில் பிடித்த வாத்தியார்

மலேசியாவின் பாலோவிலோ குளுவாங்கிலோ பிள்ளையை வயலின் வகுப்பில் சேர்த்த கையோடு பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மாஸ்டர், எப்ப மேடை ஏத்துவீங்க?” வயலின் மேதை டி.என்.கிருஷ்ணன் 1939-இல் சிறுவனாகவே திருவனந்தபுரத்தில் தனிக்கச்சேரி வாசித்தவர்தானே என்று சொன்னால் மறுக்க முடியாதுதான். ஆனால் அவருக்கு அப்பா ஏ.நாராயண ஐயரே குரு. வீட்டிலேயே வாத்தியார் இருந்தால், வகுப்பு முடிந்தது என்று எழுந்து ஓட முடியுமா?

1928-இல் திருப்பூணித்துறையில் பிறந்த கிருஷ்ணனின் வாசிப்பில் ஆரவாரம் கிடையாது. வில்லை அடி முதல் நுனி வரை நீளமாக இழுப்பார்; ஸ்ருதி இம்மி பிசகாது. கர்நாடக வயலின்காரர் சம்மணமிட்டு, கருவியின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்போடு சாய்த்துக்கொள்கிறார். கருவியைத் தாங்கும் வேலை இடக்கைக்கு இல்லை. தோடி ராகத்தின் காந்தாரத்துக்கு விரல் தந்தியில் தாராளமாக வழுக்கி அசைவது அதனால்தான். சொல்ல எளிது, அந்த அசைவு ஸ்ருதியோடு நிற்க வருடங்கள் ஆகும்.

1942-இல் சென்னைக்கு வந்தார். பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரின் ஆதரவு கிடைத்தது. அரியக்குடி, செம்பை, செம்மங்குடி என்று வாய்ப்பாட்டு ஜாம்பவான்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். பாடகர் போடும் சங்கதியை அந்தக் கணமே பிடிக்க வேண்டும்; அவர் ராகத்தை நிறுத்திய இடத்தில் தன் முறை வரும்போது, அவர் கட்டிய மனநிலையைக் கலைக்காமல் வாசிக்க வேண்டும். என்னைக் கேட்டால், கிருஷ்ணன் நல்ல வாத்தியார் ஆனது இங்கேதான். அடுத்தவர் காதால் கேட்கத் தெரியாதவர் எதைச் சொல்லிக்கொடுப்பது?

பிறகு சென்னை அரசு இசைக் கல்லூரியில் ஆசிரியர், முதல்வர். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இசைப் புலத் தலைவர். கோலாலம்பூரில் 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் பாடம் கேட்கும் நம் பிள்ளைகளுக்கு, அவருடைய இந்தப் பாதி வாழ்க்கைதான் நெருக்கமானது. வீட்டிலேயே அப்பாவிடம் கற்ற வித்தையை அவர் மணியடித்தால் கலையும் வகுப்பறைக்குக் கொண்டுபோனார்.

1980-இல் சங்கீத கலாநிதி, 1992-இல் பத்ம பூஷண். பட்டங்களைவிட ரசிகர்கள் அதிகம் பேசுவது சென்னை மியூசிக் அகாடமியில் அவருடைய கிறிஸ்துமஸ் நாள் கச்சேரியை. கனமான ராகங்களெல்லாம் முடிந்தபின் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ வாசிப்பார். சபை கைதட்டிச் சிரிக்கும்.

2020 நவம்பரில், 92 வயதில் காலமானார். மகள் விஜியும் மகன் ஸ்ரீராமும் வயலின் கலைஞர்களே. தங்கை என்.ராஜமும் அதே அப்பாவிடம் கர்நாடக இசையில் தொடங்கியவர். பின்னர் ஓம்கார்நாத் தாகூரிடம் இந்துஸ்தானி கற்று, பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக நெடுங்காலம் பாடம் நடத்தினார். அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஜுகல்பந்தியும் வாசித்திருக்கிறார்கள்.