லண்டன் மந்திரிகிட்ட நூறு ரூபாய் வாங்கின சேலத்து வக்கீல்

எனக்கு ஊர் காரியாபட்டி. சிவகாசி இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. 1899 சிவகாசிக் கலவரம்னு பேச்செடுத்தா, பெரியவங்க குரல் இன்னமும் கொஞ்சம் தாழ்ந்துடும். எந்தக் கலவரமா இருந்தாலும், அடங்கினதுக்கப்புறம் ஒரு கட்டம் வரும்: யாரைப் பிடிச்சு உள்ளே போடலாம்? அதுல மாட்டின ஒருத்தர் கதைதான் இன்னைக்கு. இடம் சேலம், வருஷம் 1882.

சி. விஜயராகவாச்சாரியார். 1852-ல செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூர்ல பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில பட்டம், அப்புறம் சேலத்துல வாத்தியார் வேலை. அதை விட்டுட்டு, சட்ட வகுப்புக்கே போகாம தேர்வு எழுதி 1881-ல வக்கீல் ஆயிட்டார். (நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுட்டு வேலையை யூடியூப்ல கத்துக்கிட்டவன் நான். எனக்கு இது நல்லாவே புரியுது.) அடுத்த வருஷமே நகராட்சி உறுப்பினர்.

அதே 1882-ல சேலத்துல இந்து-முஸ்லிம் கலவரம் வெடிக்குது. தூண்டிவிட்டதே இவர்தான்னு வழக்கு. தண்டனை 10 வருஷம். தொழிலுக்கு வந்தே ஒரு வருஷம்தான், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்ச மாதிரி.

மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. இவருக்காக வாதாடினவர் எர்ட்லி நார்ட்டன், அந்தக் காலத்துல பேர்போன வெள்ளைக்கார பாரிஸ்டர். விடுதலை கிடைச்சுது.

நம்மள்ல பலபேர் அதோட தப்பிச்சோம்டா சாமின்னு வீட்டுக்குப் போயிருப்போம். இவர் போகலை. தன்னை நகராட்சிப் பதவியிலேருந்து தூக்கினது செல்லாதுன்னு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு யாருன்னு கவனிங்க: இந்தியாவுக்கான அரசுச் செயலர். லண்டன்ல உக்காந்து மொத்த இந்தியாவையும் பார்த்துக்கிற பிரிட்டிஷ் மந்திரி! பதவி திரும்பக் கிடைச்சுது, 100 ரூபாய் நஷ்ட ஈடும் வந்துச்சு. தொகை சின்னதுதான். ஆனா ஒரு சேலத்து வக்கீலுக்கு அந்த அரசாங்கம் பணம் கட்ட வேண்டியிருந்துச்சு, பாருங்க. எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது. இதே கலவர வழக்குல அந்தமானுக்கு அனுப்பப்பட்டவங்க விடுதலைக்காகவும் இவர் போராடினார்.

மிச்சத்தை வேகமாச் சொல்லிடறேன். 1885-ல பம்பாய்ல நடந்த முதல் காங்கிரஸ் மாநாட்டுக்கே போனார். 1895-லேருந்து சென்னை சட்டசபை, 1913-லேருந்து டெல்லி சட்டசபை. 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைவரும் இவர்தான். காந்தியோட ஒத்துழையாமை இயக்கம் உறுதியான மாநாடு அது. தலைவர் நாற்காலியில உக்காந்துகிட்டே அந்தத் திட்டத்தோட ஒத்துப்போகலை இவர். இறந்தது 1944-ல, 91 வயசுல.

நார்ட்டன் பற்றி நிறைய இருக்கு. அது அடுத்த எபிசோட்.