300 கட்டுரை எழுதியவர் என்றால் நம்பிவிடலாமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம். ஆலங்குளத்தில் என் வைத்தியசாலைக்கு ஒரு அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டாசு விபத்தில் பையனுக்கு இடது கை மணிக்கட்டோடு போய்விட்டது. புண் ஆறி ஒரு வருஷம் ஆகிறது.

"அய்யா, இல்லாத கை வலிக்குதுன்னு ராத்திரி பூரா அழுறான். விரலெல்லாம் இறுக மூடிக்கிட்டு, நகம் உள்ளங்கையில குத்துதாம். புத்தி கலங்கிருச்சோன்னு பயமா இருக்குய்யா."

கூடவே ஒரு நோட்டீஸையும் நீட்டினார். நரம்பு வலிக்கு ஏதோ எண்ணெய். தயாரித்தவர் '300 சர்வதேச ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கம்மலை அடகு வைத்து வாங்கலாமா என்பது அந்த அம்மாவின் கேள்வி.

பையனுக்குப் புத்தி கலங்கவில்லை. கை போனாலும் மூளைக்குள் அந்தக் கைக்கான இடம் அப்படியே இருக்கிறது. அதனால் இல்லாத கை இருப்பதாகவே தோன்றும், வலிக்கவும் செய்யும். இதற்கு 'பாண்டம் லிம்ப்', அதாவது மாய உறுப்பு என்று பெயர்.

சரி, அந்த 300 கட்டுரை? இதே வலியை ஆராய்ந்த ஒரு தமிழரின் கதையைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, அமெரிக்காவில் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மூளை ஆராய்ச்சியாளர் ஆனார். 2007-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

1996-ல் அவரும் அவர் மனைவி டயானும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கருவி என்ன தெரியுமா? சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி! அதை மேஜையில் நிமிர்த்தி வைத்து, நல்ல கையை அதன் முன்னால் நீட்ட வேண்டும். கண்ணாடியில் தெரியும் பிம்பம், போன கை திரும்பி வந்தது போல இருக்கும். நல்ல கையை மெல்ல விரித்தால், மூடிக்கிடந்த மாயக் கையும் விரிவதாக மூளை உணரும். அவர்கள் சோதித்தது 10 பேரைத்தான்.

அந்தக் கட்டுரையை மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எடுத்துச் சொல்லத் தொடங்கினார்கள். இதைத்தான் மேற்கோள் என்கிறார்கள். நம்ம ஊர்ப் பேச்சில், 'பேர் அடிபடுவது'. இதைக் கணக்கெடுக்க ஓர் அளவுகோலே உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஹிர்ஷ் 2005-ல் சொன்ன 'எச் இன்டெக்ஸ்' அது. ஒருவரின் 40 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 40 கட்டுரைகளாவது மேற்கோள் காட்டியிருந்தால் அவர் எண் 40. வெறுமனே 300 கட்டுரை எழுதி, ஒருவருமே சீந்தாவிட்டால்? பூஜ்யம்தான்!

ஆனால் பேர் நல்லதுக்கும் அடிபடும், கெட்டதுக்கும் அடிபடும் இல்லையா? அந்த எண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆட்டிசத்துக்குக் காரணம் மூளையின் 'மிரர் நியூரான்' கோளாறு என்று ராமச்சந்திரன் முன்வைத்த கருத்தும் நிறையப் பேசப்பட்டது. ஆனால் பின்னால் வந்த பல ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை.

கண்ணாடி வைத்தியத்தின் கதை வேறு. அதை மற்றவர்கள் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களை மூன்று பிரிவாக்கி, தினம் 15 நிமிஷம், 4 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடி முன் பயிற்சி செய்த 6 பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. இதுவும் சின்ன ஆய்வுதான். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் சொன்னவர் ஒருவர், சோதித்தவர் வேறொருவர். அதுதான் முக்கியம்!

ஆகவே, எண்ணைக் காட்டி மருந்து விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டுரை இந்த மருந்தைப் பற்றியதா? வேறு யாராவது தனியாகச் சோதித்தார்களா? எத்தனை பேருக்குக் குணமானது, எத்தனை பேருக்கு ஆகவில்லை? சித்த வைத்தியன் நான் தரும் மருந்துக்கும் இதே கேள்விகள்தான். கேட்டால் கோபப்பட மாட்டேன்.

அந்த அம்மாவிடம், "கம்மல் காதிலேயே இருக்கட்டும்மா" என்றேன். வெட்டுப்பட்ட இடத்தில் சீழோ நரம்புக் கட்டியோ இருக்கிறதா என்று முதலில் சர்ஜனிடம் காட்டச் சொன்னேன். இல்லை என்றானதும் அரசு ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவில் கண்ணாடிப் பயிற்சி ஆரம்பித்தார்கள். வலி முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் இப்போது பையன் ராத்திரி தூங்குகிறான்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி யாராவது தவித்தால், பேய் என்றோ பைத்தியம் என்றோ ஒதுக்காதீர்கள். நோட்டீஸை நம்பிப் பணத்தையும் விடாதீர்கள். பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு பயிற்சி செய்யச் சொல்லுங்கள். தலை சுற்றினாலோ வலி கூடினாலோ நிறுத்திவிட வேண்டும். மற்றபடி, செலவு ஒரு கண்ணாடிதான்!