மழைக்காலமும் உங்கள் கம்ப்யூட்டரும்

சென்னையில் நவம்பர் மழை நான்கு நாட்கள் விடாமல் பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். மானிட்டரில் எதுவும் வரவில்லை. கேபினட்டிலிருந்து பீப், பீப் என்று சத்தம் மட்டும் வந்தது. காலமான என் அப்பாவின் போட்டோக்களை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தேன். வேறு காப்பி கிடையாது. வயிற்றில் புளியைக் கரைத்தது.

மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். ராம் ஸ்லாட்டில் தூசியும் ஈரமும் சேர்ந்து பசை போல் ஒட்டியிருந்தன. சுத்தம் செய்து ராமைத் திரும்பப் பொருத்தியதும் விண்டோஸ் வந்துவிட்டது. அன்றே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிக் காப்பி எடுத்தேன்.

தவறு முழுக்க என்னுடையதுதான். மேஜை, ஓதம் ஏறிய வெளிச்சுவரை ஒட்டி இருந்தது. மழை நாட்களில் அதே அறையில் கொடி கட்டித் துணி உலர்த்தினோம். துணியிலிருந்து போகும் தண்ணீர் எங்கே போகும்? அறைக் காற்றில்தான். போதாததற்கு, கேபினட்டைப் பிளாஸ்டிக் கவரால் வேறு மூடியிருந்தேன். ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது.

நீங்கள் மேஜையைச் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் தினமும் சிறிது நேரம் கம்ப்யூட்டரை இயக்குங்கள். அதன் சூடே உள்ளே ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளும். ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 80-ஐத் தாண்டி நின்றால் சுவரில் பூஞ்சையும் வரும். ஏசி இருந்தால் 'டிரை' மோடில் போடலாம். சிலிக்கா ஜெல் பாக்கெட்டைக் கேபினட்டுக்குள் போடுவது வீண். ஃபேன் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். மூடிய டப்பாவில் வைக்கும் கேமராவுக்கு அது உதவும்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மீதும் நீர் முத்து முத்தாகப் படியும். ஐஸ் வாட்டர் டம்ளரில் பார்க்கிறோமே, அதேதான். எனவே ஏசி அறையிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பை உடனே ஆன் செய்யாதீர்கள். பைக்குள்ளேயே ஒரு மணி நேரம் இருக்கட்டும்.

எங்கள் வீட்டுத் துணிக்கொடி இப்போது வராந்தாவுக்குப் போய்விட்டது. அதற்காக வீட்டில் முணுமுணுப்பு மட்டும் இன்னும் ஓயவில்லை.