மோட்டார் எண்ணெய்களை ஒன்றோடொன்று கலக்கலாமா?

கள ஊழியர்களின் ஜீப்போ காரோ நகரத்திற்கு வெகு தொலைவில் செல்லும்பொழுது, எஞ்சினிலுள்ள எண்ணெயின் அளவு குறைந்துவிட்டதாகக் காணப்படுவதுண்டு. அருகிலுள்ள கடையில் கிடைப்பதோ வேறொரு கம்பெனியின் எண்ணெய். டின்னின்மேல் குறித்துள்ள எண்ணும் வேறு. அதைக் கலந்தால் எண்ணெய் திரிந்து எஞ்சின் கெட்டுவிடும் என்று அஞ்சி, ஒரு சொட்டும் ஊற்றாமலே வண்டியைச் செலுத்துவோர் உளர். எண்ணெய் யாவும் ஒன்றே என்று கருதி, மிச்சமுள்ள டின்களையெல்லாம் ஒன்றாகக் கொட்டுவோரும் உளர். இவ்விரு கருத்துக்களும் தவறானவை.

மோட்டார் எண்ணெயில் இரு பகுதிகள் உள்ளன. பொதுவாக முக்கால் பங்கிற்கு மேற்பட்டது மூல எண்ணெய். எஞ்சியவை சேர்க்கைப் பொருள்கள். இவற்றுள் சில கரியையும் அழுக்கையும் படியவிடாமல் எண்ணெயிலேயே மிதக்கச் செய்கின்றன. சில அமிலங்களை முறிக்கின்றன. துத்தநாகமும் பாஸ்வரமும் அடங்கிய வேறு சில, உலோகப் பரப்பின்மீது மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுக்கின்றன.

அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரக் குறியீடு பெற வேண்டிய எண்ணெய், குறிப்பிட்ட ஒப்பீட்டு எண்ணெய்களோடு கலந்தபின் பிரிந்து நிற்றல் கூடாது என்பது விதி. ஆதலால், அக்குறியீடுடைய இரு கம்பெனி எண்ணெய்கள் கலந்த மாத்திரத்தில் திரிந்து கட்டியாகிவிடும் என்ற அச்சத்திற்கு இடமில்லை. கனிம எண்ணெயும், கார்களுக்கென இன்று விற்பனையாகும் செயற்கை எண்ணெய்களில் பெரும்பாலானவையும் ஹைட்ரோகார்பன்களே. ஆகையால் இவையும் கலக்கும். எனினும் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. முதல் உலகப் போரின்பொழுது ஆகாய விமானங்களின் சுழல் எஞ்சின்களில் பயன்பட்ட ஆமணக்கெண்ணெய், கனிம எண்ணெயோடு நன்கு கலவாத இயல்புடையது.

அங்ஙனமாயின் கலப்பதால் வரும் நட்டம் யாது? ஒவ்வோர் எண்ணெயிலும் சேர்க்கைப் பொருள்கள் ஒன்றுக்கொன்று இசைவான விகிதத்தில் அமைக்கப்பட்டு, எஞ்சின்களில் சோதிக்கப்பட்டவை. இரண்டு தொகுதிகள் சேரும்பொழுது அவை ஒரே உலோகப் பரப்பிற்குப் போட்டியிடுகின்றன, பாதுகாப்புக் குறையக்கூடும். கலவை எந்தச் சோதனைக்கும் உட்படாத புதியதோர் எண்ணெய் என்பதே உண்மை.

கிரேடு எண்களின் பொருள்

மோட்டார் வாகன எஞ்சினியர்கள் சங்கம் 1911இல் வகுக்கத் தொடங்கிய எஸ்.ஏ.ஈ. எண்கள், எண்ணெயின் பாகுநிலையை மட்டுமே குறிப்பன. எண் உயர்ந்தால் எண்ணெய் உயர்ந்த தரமுடையது என்று கொள்ளுதல் பிழை. 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் 30ஆம் கிரேடு எண்ணெயின் பாகுநிலை 9.3 முதல் 12.5 அலகு வரையிலும், 40ஆம் கிரேடினுடையது 12.5 முதல் 16.3 வரையிலும் இருத்தல் வேண்டும். முன்னுள்ள ‘டபிள்யூ’ எழுத்து குளிர்காலப் பண்பைக் குறிக்கும்.

கலவையின் பாகுநிலை இரண்டிற்கும் இடைப்பட்டதாயினும், சராசரியைவிடச் சற்றுக் குறைந்தே இருக்கும். 14 அலகுடைய எண்ணெய் 3½ லிட்டரோடு 11 அலகுடையது ½ லிட்டர் சேர்த்தால், கலவை ஏறத்தாழ 13.6 அலகுடையதாகும், 40ஆம் கிரேடிலேயே நிற்கும். இரண்டையும் சமமாகக் கலந்தாலோ 12.5க்குச் சற்றுக் கீழே இறங்கி, அந்தக் கிரேடைவிட்டு விலகிவிடும். சிறிதளவு சேர்ப்பதற்கும் பாதிக்குப் பாதி கலப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. லே போன்ற கடுங்குளிர் இடங்களில், 5டபிள்யூ எண்ணெயோடு 20டபிள்யூ எண்ணெயைக் கலந்தால், காலையில் எஞ்சின் எளிதில் சுழல்வதற்கு வேண்டிய பண்பு குன்றும்.

கலக்கலாகாதவை

எஞ்சின் எண்ணெயோடு கியர் எண்ணெய், பிரேக் திரவம், இரு வீச்சு எஞ்சின் எண்ணெய் ஆகியவற்றை ஒருபொழுதும் கலக்கலாகாது. கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும் மோட்டார் சைக்கிள்களில் கார் எண்ணெயை ஊற்றினால், அதிலுள்ள உராய்வு குறைக்கும் பொருள்களால் கிளட்ச் வழுக்கக்கூடும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கேற்ப அமைந்த டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி உள்ளது. சாம்பல் மிகுந்த எண்ணெய் அதனை நாளடைவில் அடைத்துவிடும். ஆதலால் அவ்வண்டிகளுக்குக் கையேட்டில் கூறிய வகையையே தேட வேண்டும்.

வழியில் செய்யத்தக்கது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து, ‘டிப்ஸ்டிக்’ என்னும் அளவுக் கம்பியைத் துடைத்து நுழைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் கீழ்க்கோட்டிற்கும் கீழே இருந்தால், பம்பு காற்றை உறிஞ்சும். பேரிங்குகளில் எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசும். எஞ்சின் இறுகி நின்றுவிடவும் கூடும். இக்கேட்டோடு ஒப்பிடுகையில், வேறு கம்பெனி எண்ணெயைக் கலப்பதால் வரும் தீங்கு மிகச் சிறிது. ஆகையால் அதே வகையும் இயன்றவரை அதே கிரேடும் உள்ள எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கோட்டிற்குள் கொண்டுவருக. மேற்கோட்டைத் தாண்டலாகாது, தாண்டினால் சுழல்தண்டு எண்ணெயைக் கடைந்து நுரைக்கச் செய்யும். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால், வண்டியை உடனே நிறுத்துதல் இன்றியமையாதது. ஊற்றிய எண்ணெயின் பெயரையும் அளவையும் வண்டிக் குறிப்பேட்டில் எழுதி, திரும்பியதும் பொறுப்பாளருக்குத் தெரிவித்து, முழு எண்ணெயையும் விரைவில் மாற்றச் செய்க.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று உயரமான கண்ணாடிக் குழாய்களில் முறையே மெல்லிய எண்ணெய், தடித்த எண்ணெய், இரண்டும் சம அளவில் சேர்ந்த கலவை ஆகியவற்றை நிரப்புக. ஒவ்வொன்றிலும் ஒரே அளவுள்ள சிறிய சைக்கிள் பேரிங் குண்டைப் போட்டு, அது அடியைச் சேரும் நேரத்தைக் குறிக்கச் செய்க. கலவையில் ஆகும் நேரம் மற்ற இரண்டிற்கும் இடைப்பட்டதாகவும், மெல்லிய எண்ணெய்க்கு அணித்தாகவும் இருக்கக் காணலாம். குழாய்களை வெந்நீரில் நிறுத்தி மறுபடியும் செய்தால், வெப்பத்தால் பாகுநிலை குறைவதையும் மாணவர் நேரில் அறிவர்.