மஞ்சள் எண்ணெயும் கரியமில வாயுவும்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் வைகாசி, ஆனி மாதங்களில் நடப்படும் மஞ்சள், தை முதல் பங்குனி வரையில் வெட்டி, வேகவைத்து, உலர்த்தப்பட்டு, நாமகிரிப்பேட்டை முதலிய இடங்களில் ஏலத்திற்கு வருகின்றது. அங்கே விரலியையும் கிழங்கையும் முறித்துப் பார்த்தும், மேனியின் நிறத்தைக் கண்டும் விலை கூறுகின்றனர். ஆயின் விற்பனையாகும் மஞ்சளில் ஒரு பகுதி அடுப்பங்கரைக்குச் செல்லாமல், எண்ணெயும் சத்தும் எடுக்கும் ஆலைகளுக்குச் செல்லுகின்றது. ஆலைக்காரர் வேண்டுவது மேனியழகன்று, உள்ளிருக்கும் பொருளே. அது பிரித்தெடுக்கப்படும் விதத்தை நம் குடியானவர்கள் அறிந்திருத்தல் நலம்.

உலர்ந்த மஞ்சளில் முக்கியமான பொருள்கள் இரண்டு. மணந்தரும் எண்ணெய் ஒன்று. குர்க்குமின் என்னும் நிறப்பொருள் மற்றொன்று. இரண்டும் நூற்றுக்குச் சில பங்குகளே உள்ளமையால், எள்ளையும் நிலக்கடலையையும் போலச் செக்கிலிட்டு ஆட்டிப் பெறல் இயலாது. நீராவியால் வடித்தால் எண்ணெய் வரும். ஆனால் நெடுநேர உஷ்ணத்தால் அதன் மணம் மாறுபடக்கூடும். ஹெக்சேன் போன்ற திரவங்களில் கரைத்தெடுத்தாலோ, அத்திரவத்தின் மிச்சத்தை நீக்குவது தனி வேலையாகும்.

இக்குறைகளுக்குப் பரிகாரமாக வந்ததே கரியமில வாயு முறை. இவ்வாயுவை 31 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கி, நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் 73 மடங்குக்கு மேல் அழுத்தினால், அது வாயுவுமன்றித் திரவமுமன்றி ஓர் இடைநிலையை அடைகின்றது. அந்நிலையில் வாயுவைப்போல் தூளினுள் ஊடுருவும். திரவத்தைப்போல் எண்ணெயைக் கரைக்கும். இந்த எல்லையை 1869-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூஸ் என்னும் அறிஞர் விளக்கினார். 1960-களில் ஜெர்மனியில் ஸோஸல் என்பவர் காப்பிக்கொட்டையினின்று காபீனை நீக்க இதனைக் கையாண்டார். இன்று கேரளத்து ஆலைகளில் மிளகு, இஞ்சி முதலியவற்றிற்கும் இம்முறை பயன்படுகின்றது.

மஞ்சள் தூளைத் தடித்த உருக்குப் பாத்திரத்தில் அடைத்து, பெரும்பாலும் 250 மடங்கு அல்லது அதற்கு மேற்பட்ட அழுத்தத்தில் வாயுவைச் செலுத்துவர். எண்ணெயைக் கரைத்துக்கொண்டு அது அடுத்த பாத்திரத்தை அடைந்ததும் அழுத்தத்தைக் குறைப்பர். எண்ணெய் அடியில் தங்கும். வாயு பிரிந்து மீண்டும் உபயோகத்திற்குத் திரும்பும். குர்க்குமின் மட்டும் இவ்வாயுவில் மிகச் சிறிதே கரையும். ஆகவே எண்ணெய் நீங்கிய தூளினின்று அதனை ஆல்கஹால் முதலியவற்றால் தனியே எடுப்பர்.

இவ்வியந்திரத்திற்குப் பெருமுதலும் தேர்ந்த ஆட்களும் வேண்டும். தனிக் குடியானவர் வாங்கத்தக்கதன்று. அவர் கவனிக்கவேண்டியது வேறு. பூச்சிமருந்துகளிற் பல எண்ணெயில் கரைவன. 100 கிலோ மஞ்சளினின்று 5 கிலோ எண்ணெய் கிடைப்பதாகக் கொள்வோம். மஞ்சளில் தங்கிய மருந்து முழுவதும் அவ்வெண்ணெயோடு வருமாயின், அங்கே அது 20 மடங்கு செறிந்திருக்கும். கிழங்கில் அற்பமாய் இருந்தது எண்ணெயில் பெருங்குற்றமாகும். ஒருவர் சரக்கினால், அதனோடு சேர்ந்த பலர் சரக்கும் தள்ளுபடியாகக்கூடும்.

ஆகையால் சிபாரிசு செய்யப்பட்ட மருந்தை உரிய அளவில் மட்டும் தெளித்து, தேதியைக் குறித்து வைக்கவும். அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்களைத் தவறாது விடவும். இலைகள் காய்ந்த பின்னரே மஞ்சளை வெட்டவும். விரலியையும் கிழங்கையும் தனித்தனியே சுத்த நீரில் வேகவைக்கவும்; நுரை பொங்கி, மணம் கமழ்ந்து, குச்சி எளிதில் இறங்குவதே பதம். சாணம் மெழுகிய களத்தைத் தவிர்த்து, சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ உலர்த்தவும். மெருகேற்றும்போது ஈயங்கலந்த சாயம் சேர்ப்பது சட்டவிரோதம், உண்பவர்க்கு நஞ்சு, ஆலைக்கும் அதனால் பயனில்லை. இருப்பு வைத்த அம்பாரத்தின் மீது மருந்து தெளிக்கலாகாது.

கிராம அதிகாரிகள் இவற்றை மஞ்சள் வெட்டுக்குப் பல மாதங்கள் முன்னரே, மருந்து தெளிக்கும் பருவத்தில், குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.